காவலூர் மலையில் தொலைநோக்கி நட்டவர்: யார் இந்த வைணு பாப்பு? இன்றைய அகச்சிவப்பு நிறமாலைமானிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியிலிருந்து போச்சம்பள்ளி, திருப்பத்தூர், ஆலங்காயம் என்று பஸ் மாறி மாறிப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சின்ன ஊர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே காட்டுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளைக் கோபுரம். அதற்குள் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி. அதன் பெயர் வைணு பாப்பு தொலைநோக்கி. அது நிற்கும் வளாகத்தின் பெயரும் வைணு பாப்பு வானாய்வகம்தான்.

இதில் ஒரு வருத்தமான விஷயம் இருக்கு. இந்தத் தொலைநோக்கியைக் கனவு கண்டு, இடம் தேடி, ஆள் சேர்த்து, கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்து வைத்த வைணு பாப்பு, அதன் வழியாக ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அது இயங்கத் தொடங்குவதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

சரி, இப்போது எதற்கு அவரைப் பற்றி? இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் பொருத்தப்பட்டிருக்கும் அகச்சிவப்பு நிறமாலைமானிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் டிர்ஸ்பெக். இன்னொன்று, நைனிடால் பக்கம் தேவஸ்தலில் இருக்கும் டான்ஸ்பெக். இரண்டுக்கும் பின்னால் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனா, அவை மாட்டப்பட்டிருக்கும் தொலைநோக்கிகள் எந்த நிறுவனங்களுடையவை என்று பார்த்தால், ஒன்று பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். மற்றொன்று நைனிடாலின் ஆரியபட்டா ஆய்வு நிறுவனம். இரண்டையும் தேடிப் பின்னோக்கிப் போனால் ஒரே ஆள்தான் நிற்கிறார். பாப்பு அகச்சிவப்புக் கருவி எதையும் செய்தவர் இல்லை. அவருடைய சொந்த ஆராய்ச்சி பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அதிலும் ஊதா ஓரத்தில் நடந்தது. ஆனா, அப்படியான கருவிகளை மாட்ட இங்கே ஓர் இடமும், அவற்றைக் கையாள ஆட்களும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர்தான்.

முதலில், அகச்சிவப்பு நிறமாலைமானி என்றால் என்ன?

ஒரு பழைய சிடியை வெயிலில் திருப்பினால் வானவில் தெரியும் இல்லையா? நிறமாலைமானி செய்வதும் அதே வேலைதான். தொலைநோக்கி சேர்த்துக் கொடுக்கும் நட்சத்திர ஒளியை ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, நுண்ணிய கோடுகள் கீறிய தகடு ஒன்றில் விழச் செய்து, நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. அந்த வானவில்லில் சில இடங்களில் கறுப்புக் கோடுகள் இருக்கும், சில இடங்களில் பளிச்சென்ற கோடுகள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு சூடு, நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என எல்லாம் அந்தக் கோடுகளில் இருந்து தெரியும்.

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறது என்று 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தபோதும் பாதரசம் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. தூசு மேகங்களுக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களைச் சாதாரண ஒளியில் பார்க்க முடியாது. தூசு மறைத்துவிடும். அகச்சிவப்பு ஒளி அந்தத் தூசை ஊடுருவி வெளியே வருகிறது. சூடு குறைந்த நட்சத்திரங்கள், கோள்களின் காற்றில் உள்ள மீத்தேன், நீராவி இவற்றையெல்லாம் ஆராய இதுதான் வழி.

ஆனா இதைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் சிக்கல், நம் காற்றில் உள்ள ஈரம் அகச்சிவப்பைக் குடித்துவிடும். சில இடைவெளிகளில் மட்டும் அது தரைக்கு வரும். அதனால் உயரமான, வறண்ட இடம் வேண்டும். இரண்டாவது சிக்கல் இன்னும் வேடிக்கையானது. அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் தானே அகச்சிவப்பை உமிழும். கருவியின் இரும்பு, திருகாணி, லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் எல்லாமே. கேமராவுக்குள்ளேயே ஒரு பல்பை எரியவிட்டுக்கொண்டு தூரத்து மின்மினிப் பூச்சியைப் படம் எடுப்பது மாதிரி. அதனால் கருவி முழுவதையும் வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து, கடுமையாகக் குளிர்விக்கிறார்கள். திரவ நைட்ரஜன் என்றால் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்.

ஓசூர் சிப்காட்டில் லேத், சிஎன்சி ஓட்டுகிறவர்களுக்கு அடுத்த சிக்கல் உடனே புரியும். அந்தக் குளிருக்குப் போகும்போது ஒரு மீட்டர் நீள அலுமினியம் சுமார் 4 மில்லிமீட்டர் சுருங்கும். கண்ணாடி அந்த அளவுக்குச் சுருங்காது. அறையில் எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கும். குளிர்ந்ததும் லென்ஸ் நகரும், இல்லையென்றால் விரிசல் விடும். சுருங்கிய பிறகு எங்கே வந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ப இன்று தவறாகக் கடைய வேண்டும். நுண்ணோக்கி அளவு துல்லியத்தில். வானியல் என்றதும் நாம் நினைப்பது விஞ்ஞானிகளை. பாதி வேலை ஒர்க்‌ஷாப்பில்தான் நடக்கிறது. பாப்புவின் வாழ்க்கையைப் படித்தால் அவருக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது புரியும்.

ஹைதராபாத் வானாய்வகத்தில் வளர்ந்த பையன்

மணாலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். குடும்பம் வடகேரளத்தைச் சேர்ந்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாடிய வயதில் இவருக்குத் தொலைநோக்கி பக்கத்து வீட்டுப் பொருள் மாதிரி. நிஜாம் கல்லூரியில் இயற்பியல் படித்தார். மாணவராக இருந்தபோதே ஒளி மாறும் விண்மீன்களைத் தானே கவனித்து, 1946-ல் ஆய்வுக் குறிப்புகளை வெளியிட்டுவிட்டார்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையோடு 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஜூலை 2-ம் தேதி, இரவு வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டு ஒன்றில் புதிதாக ஒரு வால்மீன் இருப்பதைக் கவனித்தார். பேராசிரியர் பார்ட் போக்கும் சக மாணவர் கார்டன் நியூகர்க்கும் உடன் இருந்து உறுதி செய்தார்கள். அதனால் அதற்கு பாப்பு-போக்-நியூகர்க் வால்மீன் என்று பெயர். அப்போது பாப்புவுக்கு வயது 21. பசிபிக் வானியல் சங்கத்தின் வால்மீன் பதக்கம் கிடைத்தது. இந்தியர் ஒருவரின் பெயர் வால்மீனில் ஏறியது பெரிய செய்திதான். ஆனா என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான சாதனை இது இல்லை. வால்மீனில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்து வந்ததில் அது இல்லை.

பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட்

1952-ல் டாக்டர் பட்டம் முடித்ததும் கார்னெகி நிறுவனத்தின் ஆய்வாளராக கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களுக்குப் போனார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அப்போது பாலோமரில்தான் இருந்தது. 5 மீட்டர் கண்ணாடி. அங்கே ஒலின் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து வேலை பார்த்தார்.

அவர்கள் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். ராத்திரியில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது பக்கத்தில் எரியும் சின்ன பல்பா, தொலைவில் எரியும் ஹைமாஸ்ட் விளக்கா? பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட் தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். நட்சத்திரங்களிலும் இதே பிரச்சினைதான். அதன் உண்மையான பிரகாசம் தெரியாமல் தூரம் தெரியாது.

சூரியனைப் போன்ற, அதைவிடச் சூடு குறைந்த நட்சத்திரங்களின் நிறமாலையில், ஊதா ஓரத்தில் கால்சியம் உண்டாக்கும் அகலமான கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரு மெல்லிய பளிச்சென்ற கோடு எட்டிப் பார்க்கும். அந்தப் பளிச் கோட்டின் அகலம் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தோடு சேர்ந்தே கூடுகிறது, குறைகிறது என்று வில்சனும் பாப்புவும் காட்டினார்கள். மங்கலான குள்ள விண்மீன் தொடங்கி, அதைவிடப் பல லட்சம் மடங்கு பிரகாசமான அரக்க விண்மீன் வரை அதே விதி பொருந்தியது. பல்பின் மேல் வாட் எழுதியிருந்தது. அதை வாசிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. 1957-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். இன்றும் வானியல் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கோட்டின் அகலத்தை அளப்பதற்கு முதலில் அந்தக் கோட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வேண்டும். அது இல்லாத நாட்டில் இந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது. அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் பாப்புவுக்கு அந்தக் கருவிகள் வாழ்நாள் முழுக்கக் கிடைத்திருக்கும். ஆனா 1953-ல் ஊர் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்தபின் என்ன நடந்தது?

வந்தவருக்கு உடனே பொருத்தமான வேலை கிடைக்கவில்லை. பாலோமரில் ஆராய்ச்சி செய்தவரை வைத்துக்கொள்ள ஏற்ற இடம் அப்போது இந்தியாவில் அவ்வளவாக இல்லை. 1954-ல் உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் ஒரு வானாய்வகத்தைத் தொடங்க, அதற்குத் தலைமை வானியலாளராகப் போனார். வாரணாசியின் புழுதியும் புகையும் விண்மீன் பார்க்க ஆகாது. இடத்தை மாற்றியே தீர வேண்டும் என்று நின்றார். 1955-லேயே வானாய்வகம் நைனிடால் மலைக்கு மாறியது. அந்த வானாய்வகத்தின் இன்றைய பெயர்தான் ஆரியபட்டா ஆய்வு நிறுவனம். 2016-ல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்த நிறுவனமும் அதுவே. டான்ஸ்பெக் அந்தத் தொலைநோக்கியில்தான் வேலை செய்கிறது.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். வயது முப்பதுகளின் தொடக்கம். கொடைக்கானல் வேறு மாதிரி இடம். 1899-ல் தொடங்கியது. சூரியனை ஆராய்வதில் உலக அளவில் பெயர் பெற்றது. ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். பாப்பு வந்த சமயத்தில் அங்கே ஒரு பிரமாண்டமான சூரியக் கோபுரத் தொலைநோக்கியும் தயாராகியிருந்தது. 11 மீட்டர் கோபுரம், தரைக்கடியில் 60 மீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 18 மீட்டர் நீள நிறமாலைமானி. அதைக் கொண்டு சூரியனின் கால்சியம் ஒளியை அவர் நிறைய ஆராய்ந்தார். தூரத்து நட்சத்திரங்களில் கண்ட அந்த மெல்லிய கோடு எங்கிருந்து வருகிறது என்பதை, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரமான சூரியனிலேயே தேடினார் என்று சொல்லலாம்.

ஆனா கொடைக்கானலில் இரவு வானியல் சரிப்படாது. மேகம் மறைத்துவிடும். விண்மீன்களைப் பார்க்க வேறு மலை வேண்டும்.

ஏன் காவலூர்?

1960-களில் தென்னிந்திய மலைகளில் தேடல் நடந்தது. கடைசியில் நின்றது ஜவ்வாது மலையில். மேகம் குறைந்த இரவுகள், அக்கம்பக்கத்தில் பெரிய நகர வெளிச்சம் இல்லாத இருட்டு. இதெல்லாம் வெளிப்படையான காரணங்கள். பாப்பு இன்னொரு கணக்கும் போட்டார். காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 12.5 டிகிரியில் இருக்கிறது. அதனால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும் பகுதியும் தெரியும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் வானாய்வகங்களுக்குத் தெற்கு வானம் பாதி மறைந்துவிடும். அதோடு, கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளியில் காவலூர் உட்கார்ந்திருக்கிறது. வானத்தில் ஒரு நிகழ்வு ஆஸ்திரேலியாவில் விடிந்த பிறகு, ஆப்பிரிக்காவில் இருட்டும் முன் நடந்தால் பார்க்க யாராவது வேண்டுமே!

1968 வாக்கில் அங்கே முதல் தொலைநோக்கி வேலை செய்ய ஆரம்பித்தது. 38 சென்டிமீட்டர். அளவில் சின்னதுதான். ஆனா அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கினால் சீக்கிரம் வந்திருக்கும். பாப்பு இரண்டையும் செய்தார் என்பதுதான் இதில் சுவாரசியம். அவசரத்துக்கு வாங்கினார், பழக்கத்துக்குச் செய்தார். 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரில் உள்ள கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திடம் வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி காவலூர் வந்தது. இன்னொரு பக்கம் சொந்தப் பட்டறையில் கண்ணாடி தேய்க்கவும், இயந்திரம் கடையவும், மின்னணுச் சாதனம் கட்டவும் ஆட்களைப் பழக்கினார். ஒளியியல் பிரிவின் ஏ.பி. ஜெயராஜன் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர். 75 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் தாங்களே செய்தார்கள். பெரியதைத் தொடுவதற்கு முன் கை பழகணும் இல்லையா.

1971 ஏப்ரல் 1-ம் தேதி கொடைக்கானல் வானாய்வகமும் காவலூரும் சேர்ந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பு ஆனது. பாப்புதான் இயக்குநர். 1975-ல் தலைமையகம் பெங்களூருவுக்கு வந்தது.

1 மீட்டர் தொலைநோக்கி என்ன செய்தது?

வந்த வருஷமே, 1972 ஜூன் 7-ல், வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவு செய்தார்கள். விண்மீன் ஒளி சட்டென்று மறையாமல் மெல்ல மங்கியதால், கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1979-ல் வாயேஜர் விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, அவர்கள் சொன்ன அளவுக்கு அங்கே காற்று இல்லை என்று தெரிந்தது. நம் ஊர்ப் பெருமைப் பட்டியல்களில் இந்த இரண்டாவது பாதியைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. அளந்து பார்த்ததால்தான் திருத்தவும் முடிந்தது.

1977 மார்ச் 10 இன்னும் பெரிய இரவு. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று உலகமே காத்திருந்தது. காவலூரில் தொலைநோக்கியில் இருந்தவர் குப்புசாமி. யுரேனஸ் விண்மீனை நெருங்கும் முன்பே, எதிர்பாராத நேரத்தில் விண்மீன் சில விநாடிகள் மங்கித் திரும்பியது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலவு இருக்கிறது போல என்றுதான் குப்புசாமியும் ஜே.சி. பட்டாச்சார்யாவும் முதலில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் பறந்தபடி பதிவு செய்ததையும், நைனிடால் உட்பட மற்ற இடங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. நிலவு இல்லை, வளையங்கள். சனிக்கு மட்டும்தான் வளையம் உண்டு என்ற நூற்றாண்டுக் கணக்கான நம்பிக்கை அன்றோடு போயிற்று. காவலூர், நைனிடால் இரண்டுமே பாப்பு இடம் பார்த்து உருவாக்கிய வானாய்வகங்கள்.

அகச்சிவப்பும் அந்தக் காலத்திலேயே காவலூருக்கு வந்துவிட்டது. 1979-ல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பி.வி. குல்கர்னி குழுவினர் இதே 1 மீட்டர் தொலைநோக்கியில் அகச்சிவப்பு உணர்கருவியை மாட்டி, எக்ஸ் கதிர் வெடிப்புகளுக்குப் பேர்போன ஒரு பொருளிலிருந்து அகச்சிவப்பு வெடிப்புகளைப் பதிவு செய்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அது நிறமாலைமானி இல்லை. ஒளியின் அளவை மட்டும் அளக்கும் கருவி. ஆனாலும் நம் பக்கத்து மலையில் அந்த ஒளியைத் தேடி ஒரு குழு ராத்திரி விழித்திருந்தது.

பெரிய கண்ணாடி

பாப்புவின் மனம் முழுக்க 2.34 மீட்டர் தொலைநோக்கியில் இருந்தது. 93 அங்குலம். வெளிநாட்டில் வாங்க வேண்டாம், வடிவமைப்பு முதல் எல்லாம் இங்கேயே என்று முடிவு. கண்ணாடிக் கட்டி மட்டும் வெளியிலிருந்து வந்தது. தேய்த்து மெருகேற்றியது பெங்களூருவில் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். பிரமாண்டமான இரும்பு உடலைச் செய்தது மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பார்க்காதவர்கள் குறைவு. கல்லில் முகம் தெரியும் அளவுக்கு ஏற்றுவார்கள். தொலைநோக்கிக் கண்ணாடியிலும் அடிப்படை அதே மாதிரிதான்: கரடுமுரடான பொடியில் தொடங்கி, நைசான பொடிக்குப் போய், கடைசியில் மெருகு. வித்தியாசம் என்னவென்றால், முகம் தெரிந்தால் மட்டும் இங்கே போதாது. இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமுள்ள பரப்பில் எந்த இடமும் கணக்கிட்ட வளைவிலிருந்து ஒளியின் அலைநீளத்தில் சின்னப் பங்குக்கு மேல் விலகக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் சூட்டிலேயே கண்ணாடி உப்பிவிடும் என்பதால் கொஞ்சம் தேய்த்து, ஆறவிட்டு, சோதித்து, மறுபடி தேய்க்கணும். மாதக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் நடந்தது.

இந்த இடைவெளியில் பாப்பு உலக அளவிலும் உயரத்துக்குப் போயிருந்தார். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1981-ல் பத்மபூஷண். ஒன்றியத்தின் பொதுச் சபை 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் கூடியது. தலைவராக அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஆகஸ்ட் 19-ம் தேதி இறந்தார். கூட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. 55 வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

கண்ணாடி வேலை நிற்கவில்லை. பட்டாச்சார்யா இயக்குநரானார். பாப்பு பழக்கிய அதே கைகள் தொடர்ந்தன. ஒரே ஆளின் கனவு அந்த ஆளோடு போய்விடும் கதைகள்தான் நம்மிடம் அதிகம். இது அப்படி ஆகாததற்குக் காரணம், அவர் தொலைநோக்கியோடு சேர்த்து அதைச் செய்யத் தெரிந்த ஒரு கூட்டத்தையும் உருவாக்கியிருந்தார். 1985 நவம்பரில் அந்தக் கண்ணாடியில் முதல் ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். 2016-ல் தேவஸ்தல் தொலைநோக்கி வரும்வரை முப்பது வருஷம் இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி அதுதான்.

காவலூரிலிருந்து ஹான்லேக்கு

அகச்சிவப்புக்குக் காவலூர் போதாது. 725 மீட்டர் உயரம், தலைக்கு மேல் ஈரக்காற்று, இரண்டு பருவமழைகளின் தொல்லை. அதனால் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் லடாக்குக்குப் போனது. ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட குளிர்ப் பாலைவனத்தில் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி 2000-ல் முதல் ஒளியைப் பார்த்தது. அதை ராத்திரி ஓட்டுகிறவர்கள் லடாக்கில் இல்லை. ஓசூர் எல்லையைத் தாண்டி, பெங்களூருவை ஒட்டியிருக்கும் ஹொசகோட்டே வளாகத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். 2013-ல் அந்தத் தொலைநோக்கியில் டிர்ஸ்பெக் பொருத்தப்பட்டது. 1 முதல் 2.5 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பைப் பிரித்துப் பதிவு செய்கிறது. தேவஸ்தலின் டான்ஸ்பெக் 2019-ல் வந்தது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தொடங்கி 2.5 மைக்ரான் வரை ஒரே மூச்சில் எடுக்கும்.

ஒன்றைச் சொல்லியாகணும். இந்த இரண்டு கருவிகளையும் டாடா நிறுவனம் ஹவாயைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்தே செய்தது. அகச்சிவப்பு உணரும் சில்லுகள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. சாதாரண கேமராவில் இருக்கும் சிலிக்கான் சில்லு 1.1 மைக்ரானுக்கு மேல் குருடு. பாதரசம், காட்மியம், டெல்லூரியம் கலந்த தனி வகைச் சில்லு வேண்டும். அதை உலகில் செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. பாப்பு 38 சென்டிமீட்டரில் தொடங்கி 2.34 மீட்டர் வரை ஏறிய ஏணியின் அகச்சிவப்புப் பதிப்பில் நாம் இன்னும் நடுப்படியில்தான் இருக்கிறோம்.

ஆனா அடுத்த படிக்கான வேலை நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. பல நாடுகள் சேர்ந்து திட்டமிட்டிருக்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 492 துண்டுகளால் ஆனது. அதில் இந்தியாவின் பங்கான துண்டுகளுக்கு மெருகேற்றும் கூடம் அதே ஹொசகோட்டேயில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. துண்டுகள் ஒன்றோடொன்று விலகாமல் கவனிக்கும் விளிம்பு உணர்கருவிகளைச் செய்து பார்த்தது புதுச்சேரியில் ஒரு நிறுவனம். அந்தத் தொலைநோக்கியின் முதல் கருவிகளில் ஒன்று அகச்சிவப்பு நிறமாலைமானி. தொலைநோக்கியைக் குறி பார்த்து நிறுத்த வானம் முழுக்க எந்தெந்த அகச்சிவப்பு விண்மீன்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடையது. இவையெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் செய்யும் வேலை இல்லை. கண்ணாடி தேய்க்கத் தெரிந்தவர், வெற்றிடப் பெட்டி வெல்டிங் பிடிப்பவர், மைக்ரான் அளவில் கடைபவர் எல்லாரும் வேண்டும். ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் பஸ் ஏறும் நம்ம பசங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

காவலூர் இன்றும் வேலை செய்கிறது. அங்கிருந்த 45 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் குழு 1988-ல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. பாப்புவின் பெயரிலும் 2596 என்ற எண்ணோடு ஒரு குறுங்கோள் சூரியனைச் சுற்றுகிறது. 2014-ல் பட்டாச்சார்யா பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் அங்கே சேர்ந்தது. பாப்பு தேடிப் பிடித்த இருட்டுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் வளர்ந்துவிட்டன. சாலையோர எல்இடி விளக்குகள் மேல்நோக்கியும் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் கரண்ட் பில்லும் குறையும், காவலூருக்கும் வானம் தெரியும்.